கம்பி மாறிய வீடு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அறிவுச்செல்வி அக்கா முதலில் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்ப்பார். அப்புறம்தான் மனிதர்களை. விசிறி சுற்றும் வேகத்தை வைத்தே அந்த வீட்டுக்கு வோல்டேஜ் எவ்வளவு வருகிறதென்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப்போனால், கண்டென்சர் போயிருக்கும் என்று பழியை விசிறியின் மேல் போட்டுவிடுவார்.

பழனியைத் தாண்டி நெய்க்காரப்பட்டிதான் அவருக்குச் சொந்த ஊர். அப்பா கரும்பு வைத்தவர். மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறதோ அந்நேரம் வீடே எழுந்துகொள்ளும். மோட்டார் அறையில் எரியும் குண்டு பல்பைப் பார்த்து, இப்போது போட்டால் மோட்டார் தாங்குமா, உள்ளே காயில் கம்பி கருகிவிடுமா என்று அப்பாவுக்குச் சொல்வது எட்டு வயதில் அவருடைய வேலை. மின்சாரத்தில் டிப்ளமோ படித்தது அந்த பல்பினால்தான் என்பார். படிப்பு முடிந்தது, கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தார், அதன்பின் பதினோரு வருஷம் அந்தப் படிப்புக்கு வேலையே இல்லை. ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதுபவரிடம் தட்டச்சு, ஒரு நூல் மில்லில் வருகைப் பதிவு. மகள் தமிழ்மதி ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் அறை, நகரத்தின் மின்பிரிவு அலுவலகம் ஒன்றில் பின்பக்கம் இருந்தது. பழைய மீட்டர்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் பாதியை ஒதுக்கி இரண்டு கம்ப்யூட்டர்கள் போட்டிருந்தார்கள். அந்தப் பிரிவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், கம்பி, வீட்டு இணைப்பு எல்லாவற்றையும் வரைபடமாக்கி, எங்கே சுமை கூடுகிறது, எந்த சுவிட்சை எடுத்தால் எந்தெந்த வீடு அணையும் என்று திரையிலேயே பார்க்கும் ஒரு சோதனை முயற்சி. அதற்கான மென்பொருளை ஒரு பொறியியல் கல்லூரி நிறுவித் தந்திருந்தது. விலையில்லாதது. எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, இந்தா எடுத்துக்கொள் என்று பொதுவில் வைத்தது. எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யாரும் திறந்து பார்க்கலாம், வேண்டியதைச் சேர்க்கலாம். படம் வரைய அக்காவும் நானும்.

அக்கா ஒரு விதி வைத்திருந்தார். தான் அடியில் போய் நிற்காத கம்பியைத் திரையில் வரையமாட்டார். பழைய வரைபடங்கள் அலுவலகத்தில் இருந்தன, அவற்றைப் பார்த்தே வரைந்திருக்கலாம். நான் அப்படித்தான் நினைத்தேன், சொல்லவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு வயர்மேன் வேலுசாமி அண்ணனோடு கிளம்பிவிடுவார். கம்பத்தடியில் நின்று, கம்பி எங்கே போகிறதென்று கண்ணாலேயே பிடித்துக்கொண்டு நடப்பார். சாக்கடையில் கால் வைப்பார். நாய்கள் குரைக்கும்.

"ஏத்தா செல்வி, இம்புட்டு வெயில்ல அண்ணாந்து அண்ணாந்து பாக்குறியே, கம்பம் என்ன எந்திரிச்சு ஓடியா போகப்போவுது?" என்று வேலுசாமி அண்ணன் கேட்பார்.

"ஓடாதுங்கண்ணா. ஆனா நீங்க கட்டுன கம்பி நீங்க சொல்ற பக்கம் போறதில்லைங்களே" என்பார் அக்கா.

வேலுசாமி அண்ணன் இருபத்தாறு வருஷமாக அதே பிரிவில் கம்பம் ஏறுகிறவர். டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு அலுவலகத்தில் எண்கள் உண்டு. அவருக்கு எண்ணெல்லாம் கிடையாது, இடத்தின் பெயர்தான். தோல்கிடங்கு, மண்டபம், பள்ளிவாசல், ரெண்டு புளி. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வேலைக்காக நிறுத்தப்போகிறார் என்றால், கைபேசியை எடுத்து அதன் பெயரில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டுவார். வரிசையாகச் சில பெயர்கள் வந்து நிற்கும். 'தோல்கிடங்கு ஆக்சிஜன்'. 'தோல்கிடங்கு ஊசி'. 'மண்டபம் கோழிக்குஞ்சு'. கரண்ட் போனால் தாங்கமுடியாத வீடுகள் அவை. ஊசி என்றால் இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் வீடு. கோழிக்குஞ்சு என்றால் பல்பு வெளிச்சத்தில் குஞ்சு வளர்க்கிறவர். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, இத்தனை மணிக்கு எடுக்கிறோம், இத்தனை மணிக்குக் கொடுப்போம் என்று சொன்னபிறகே சுவிட்சில் கை வைப்பார். யாரும் அவரை இப்படிச் செய்யச் சொன்னதில்லை. எந்த ரிஜிஸ்டரிலும் இதற்கு இடமும் இல்லை.

தோல்கிடங்கு ஆக்சிஜன் என்பது ஜெய்தூன் பீவியின் வீடு. பேகம்பூர் பக்கம், ஒரு மாட்டுவண்டி போகிற அகலச் சந்தில் கடைசி வீடு. அவருக்கு அறுபத்தெட்டு வயது. வீட்டுக்காரர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் பண்டாரி. முப்பது வருஷம் அவரோடு நின்று விறகுப் புகையைத் தின்றதில் நுரையீரல் கெட்டுப்போனது. வீட்டுக்காரர் போய்விட்டார், புகை உள்ளேயே தங்கிவிட்டது. இப்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்குக்கு. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் கால் மணி நேரம் தாங்கும். அதற்குள் மூலையில் நிற்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை அதற்கு மாற்றவேண்டும். மகன் நூர் அகமதுவுக்குத்தான் அது தெரியும். அவரும் இப்போது பண்டாரி. வேலுசாமி அண்ணனிடமிருந்து போன் வந்தால் அன்றைக்கு வீட்டைவிட்டு நகரமாட்டார். மருமகள் பர்ஹானா பள்ளிக்கூட ஆசிரியை, காலையில் போனால் சாயங்காலம்தான்.

இணைப்புகளைக் கணக்கெடுக்கப் போன நாளில்தான் அந்த வீடு அக்காவுக்குத் தெரியவந்தது. வழக்கம்போல் நிமிர்ந்து பார்த்தார். விசிறி நோயாளியைவிடச் சோர்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மெஷின் ஒவ்வொரு மாலையும் வோல்டேஜ் போதாமல் கத்துகிறது என்று ஜெய்தூன் பீவி சொன்னார். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்கிறவர் அவர். நடுவில் நிற்கும்போது கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதைப்போல.

திரும்பி வந்த அன்றே அக்கா திரையில் கணக்குப் போட்டார். தோல்கிடங்கு டிரான்ஸ்ஃபார்மரில் அளவுக்கு மேல் வீடுகள் தொங்கின. சந்தின் கடைசியில் இருக்கும் நாற்பத்தொரு வீடுகளைப் புதிதாக வந்திருந்த மண்டபத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றினால் இரண்டு பக்கமும் சரியாகும் என்று மென்பொருள் காட்டியது. அக்கா அதை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தார். பிறகு உதவிப் பொறியாளரிடம் கொண்டுபோனார். அவர் ஒத்துக்கொண்டார். சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலுசாமி அண்ணனே கம்பம் ஏறி, பழைய கம்பியை அவிழ்த்து, புதிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கம்பியில் சேர்த்தார். அக்கா அடியில் நின்று பார்த்துவிட்டு, விடுமுறை நாளிலும் அலுவலகம் வந்து, திரையில் நாற்பத்தொரு கோடுகளை மாற்றி வரைந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் நூர் அகமது கூப்பிட்டார். மெஷின் கத்தவில்லையாம். அம்மா ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் திட்டினார்களாம். அக்கா அன்று கடலைமிட்டாய் வாங்கி அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். ஏனென்று கேட்டவர்களுக்குச் சும்மாதான் என்றார்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆடிக் காற்றுக்கு முன்னால் கம்பிமேல் சாய்ந்த கிளைகளை வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. காலை ஒன்பது நாற்பதுக்கு வேலுசாமி அண்ணன் அக்காவுக்குப் போன் போட்டு, மண்டபத்து டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தாகிவிட்டது, திரையில் போட்டுக்கொள் என்றார். அக்கா போட்டார். பச்சையாக இருந்த கோடுகள் அந்த இடத்தில் சாம்பல் நிறமாயின. நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் அணைந்திருப்பதாகத் திரையின் ஓரத்தில் எண் வந்தது.

அக்கா தேநீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்தார். சாம்பல் நிறக் கோடு சந்துக்குள் நுழைந்து கடைசி வீடுவரை போயிருந்தது.

"தம்பி, அந்த அம்மா வீட்டுக்கு அண்ணன் சொல்லிருப்பாருங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வேலுசாமி அண்ணனுக்குக் கூப்பிட்டார். மரத்தில் இருப்பவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கரண்டைத் திரும்பக் கொடுங்கள் என்று சொல்லமுடியாது. கம்பியைத் தொடும் தூரத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அக்கா ஸ்கூட்டி சாவியை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் நூர் அகமதுவுக்குப் போன் போடுவது என் வேலை. மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் லாரிச் சத்தம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கல்யாணத்துக்குக் காய்கறி எடுத்துக்கொண்டிருந்தார். போன் வரவில்லையே என்று நம்பிப் போயிருந்தார்.

வீட்டுக்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. இன்வெர்ட்டர் அப்போதுதான் நின்றிருக்கவேண்டும், மெஷின் நீளமாக ஒரே சத்தத்தில் கத்திக்கொண்டிருந்தது. ஜெய்தூன் பீவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றவர் உதடுபோல் இருந்தது. கண்கள் மட்டும் எங்களைப் பார்த்து, வந்துவிட்டீர்களா என்று கேட்டன. அன்று அக்கா விசிறியைப் பார்க்கவில்லை.

சிலிண்டரைத் திறக்கும் சாவி அலமாரியின் மேல் இருப்பதாக நூர் அகமது போனில் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். அக்கா திருகினார். அசையவில்லை.

"இடது கைப் பக்கமா திருப்புங்க. இறுக்கமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. அம்மா, அல்லாவுக்காக, பேசாம இருங்க, பேசாம இருங்க" என்றது போன். அவர் அம்மா பேசவேயில்லை. அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா முந்தானையைச் சாவியில் சுற்றிப் பிடித்து, முழு உடம்பையும் சாய்த்தார். சிலிண்டர் சீறியது. அதன் கழுத்தில் மாட்டியிருந்த தண்ணீர்ப் புட்டியில் குமிழ்கள் கிளம்பின. குழாயை மாற்றினார். பிறகு அந்த அம்மாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். கை, முதுகோடு சேர்ந்து ஏறி இறங்கியது. குமிழ்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, போனில் நூர் அகமது அழுவது கேட்டது. அக்கா போனைத் திருப்பி, அவருக்கும் குமிழ்ச் சத்தம் கேட்கும்படி புட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

ஜெய்தூன் பீவி முதலில் சொன்னது, பிளாஸ்க்கில் டீ இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள் என்று.

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் வேலுசாமி அண்ணன் வந்தார். அக்காவின் தவறிய அழைப்புகளைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. சட்டையெல்லாம் இலைத்தூள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்.

"உள்ள வா வேலு" என்றார் ஜெய்தூன் பீவி. மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "உன்னையக் கடிச்சா வைக்கப்போறேன். கடிக்கப் பல்லு ஏது?"

அவர் உள்ளே வரவில்லை. கைபேசியை அக்காவிடம் நீட்டினார். திரையில் 'தோல்கிடங்கு ஆக்சிஜன்' என்று இருந்தது. காலையில் மண்டபத்தின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியிருக்கிறார். கோழிக்குஞ்சு மட்டும் வந்திருக்கிறது. அவருக்கு மட்டும் சொல்லிவிட்டு சுவிட்சை இறக்கியிருக்கிறார்.

"கம்பிய என் கையாலதான் மாத்துனேன் செல்வி. இதை மாத்தல" என்றார்.

அக்கா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்தச் சொன்னது நானுங்கண்ணா. நாப்பத்தோரு வீட்டுக்கும் வோல்டேஜ் பாத்தேன். யாருக்கெல்லாம் போன் போகணும்னு பாக்கலைங்க" என்றார்.

மறுநாள் உதவிப் பொறியாளர் விஷயத்தைக் கேட்டார். அந்த போன் எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டிவிடலாம் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சுவரில் இருக்கிற தாளுக்குக் கம்பி மாறியது எப்படித் தெரியும் என்று கேட்டார். எண், வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும். வீடு எந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனாலும் எண்ணும் கூடவே போகவேண்டும். அது மென்பொருளுக்குள் இருந்தால்தான் நடக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலுசாமி அண்ணன் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்து, கைபேசியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பத்தொன்பது பெயர்கள் இருந்தன. அக்கா ஒவ்வொரு வீட்டையும் திரையில் தேடிக் குறித்தார். இரண்டு பெயர்கள் வந்தபோது மட்டும் இவை வேண்டாம் என்றார் அண்ணன். போய்விட்டார்களாம். ஒருவர் போய் நான்கு வருஷம்.

"அழிக்க மனசு வரல. ரெண்டு புளியில வேலைன்னா இப்பவும் மேல வந்து நிப்பாரு" என்றார்.

மென்பொருளில் இதற்கு இடமே இல்லை. மீட்டர் எண், முனை, சுமை, முகவரி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அணைப்பதற்கு முன்னால் யாரிடம் பேசவேண்டும் என்பதற்குக் கட்டம் இல்லை. அதை எழுதியவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அக்கா அங்கே ஒரு கடிதம் எழுதினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரே எழுதினார், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு வயர்மேன் இருக்கிறார் என்று தொடங்கும் கடிதம். கைபேசியில் பெயர் வைக்கும் முறையிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமை வரை எழுதியிருந்தார். ஜெய்தூன் பீவியின் பெயரை மட்டும் எழுதவில்லை.

ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள் ஒருவர் எழுதியிருந்தார், எந்த நாடென்று பெயரை வைத்துச் சொல்லமுடியவில்லை. உங்கள் வயர்மேன் போன் செய்தும் அவர்கள் எடுக்காவிட்டால் என்ன செய்வார் என்று அவர் கேட்டிருந்தார். அக்கா வேலுசாமி அண்ணனிடம் கேட்டார். நேரே வீட்டுக்குப் போவேன், வேறென்ன என்றார் அண்ணன். அதையும் எழுதினோம். அப்புறம் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். மூன்று வாரத்தில் ஒரு சோதனை வடிவம் வந்தது. கல்லூரியிலிருந்து வந்து ஏற்றித் தந்தார்கள். இப்போது ஒரு டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தத் திட்டமிட்டால், அதில் தொங்கும் வீடுகளில் பேசவேண்டியவர்களின் வரிசை தானாக வந்து நிற்கும். ஒவ்வொருவரிடமும் பேசியாயிற்று, அல்லது நேரில் பார்த்தாயிற்று என்று குறித்தால்தான் அனுமதிப் பொத்தான் திறக்கும்.

பெயர்களை உள்ளே போடுவதற்கு முன் அக்கா பதினேழு வீடுகளுக்கும் போய்ச் சம்மதம் கேட்டார். ஜெய்தூன் பீவிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உலகம் முழுக்கத் திறந்து பார்க்கிற மெஷின் என்று வேலுசாமி எப்போதோ சொல்லியிருந்தார்.

"என் நோவை ஊரெல்லாம் பாக்குமா தாயி?"

அக்கா பக்கத்தில் நின்ற மகனைக் காட்டி, நூர் பாய் பிரியாணிக்கு என்னென்ன, எவ்வளவு போடுகிறார் என்பது ஊருக்கே தெரியும், அவரே எல்லோருக்கும் சொல்கிறார், அதற்காக உங்கள் வீட்டுச் சட்டியை யாரும் வந்து திறந்து பார்க்கமுடியுமா என்று கேட்டார். பக்குவம்தான் பொதுவில் இருக்கிறது, சட்டி நம் அலுவலகத்துக்குள் பூட்டி இருக்கிறது என்றார்.

ஜெய்தூன் பீவி மகனைப் பார்த்தார். "இவன் எல்லாத்தையும் சொல்றானா? ஒண்ணை மறைச்சுத்தான் சொல்றான்" என்றார். பிறகு சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "பேஷண்டுன்னு எழுதாத. எம் பேரை எழுது." அதனால்தான் எங்கள் திரையில் அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு, 'முதலில் பேச வேண்டியவர்'.

புரட்டாசி தொடக்கத்தில் மண்டபத்து டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய் கசிந்தது. நிறுத்தித்தான் ஆகவேண்டும். பொத்தான் திறக்கும் நேரத்தில் தானும் அடியில் நிற்கவேண்டுமென்று அக்கா மடிக்கணினியோடு அங்கேயே வந்துவிட்டார். திரையில் மூன்று பெயர்கள். இரண்டு பேரிடம் பேசியாயிற்று. மூன்றாவதற்கு வேலுசாமி அண்ணன் போட்டார். நூர் அகமதுவின் எண்தான், ஆனால் எடுத்தது ஜெய்தூன் பீவி. மகன் போனை வீட்டில் வைத்துவிட்டு மசூதித் தெருவுக்குப் பால் வாங்கப் போயிருந்தார்.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். மகன் வரும்வரை காத்திருப்போம் என்று அக்கா சைகை செய்ய, அண்ணன் அதைப் போனில் சொன்னார்.

"அவன் எதுக்கு? நான் கத்துக்கிட்டேன்" என்றது போன். "செத்த நேரம் நில்லுங்க. நான் மெதுவாத்தான் செய்வேன்."

நின்றோம். சுவிட்சின் கைப்பிடி அருகே ஒருவர், ஏணியடியில் இரண்டு பேர், அண்ணன், அக்கா, நான். போனை ஒலிபெருக்கியில் போட்டு அண்ணன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார். செருப்பு தேயும் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. ஏணியடியில் இருந்தவர் அண்ணனிடம் ஏதோ கேட்க வந்தார், அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

சீறல் கேட்டது. அதைத் தொடர்ந்து தண்ணீர்ப் புட்டியில் குமிழ்கள்.

"ம். இப்ப எடுத்துக்கங்க" என்றார் ஜெய்தூன் பீவி. மூச்சு ஒன்று விட்டார். "பதினோரு மணிக்குள்ள குடுத்துருங்க. சீரியல் இருக்கு."

அக்கா சிரித்துக்கொண்டே அவர் பெயருக்கு எதிரே குறித்தார். பொத்தான் திறந்தது.